திருமணத்துக்கு முன் கவுன்சலிங்: நிச்சயமானவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எங்களுக்குள்ள ஒரு பிரச்சனையும் இல்லையே, எதுக்குக் கவுன்சலிங்?" திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் முதலில் வரும் பதில் இதுதான். ஆனால் பிரச்சனை இல்லாத நேரம்தான் அதற்குப் பொருத்தமான நேரம். கோபமும் வடுவும் சேருவதற்கு முன்பு, இருவரும் ஒருவரை ஒருவர் நல்லெண்ணத்தோடு பார்க்கும் நாட்களில், சங்கடமான விஷயங்களைப் பேசிப் பழகுவது எளிது. சில வருடம் கழித்து அதே பேச்சை எடுத்தால் பழைய கணக்குகளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதனால் உண்மையிலேயே பயன் உண்டா? ஆய்வுகள் சொல்வதைக் கூட்டிக் குறைக்காமல் பார்த்துவிடலாம். ஜேசன் கரோல், வில்லியம் டோஹர்ட்டி இருவரும் 2003இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இத்தகைய பயிற்சியில் பங்கேற்ற சராசரி நபர், பங்கேற்காதவர்களில் 79 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருந்தார் என்றார்கள். 2006இல் ஸ்காட் ஸ்டான்லி குழுவினர் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில், திருமணத்துக்கு முன் பயிற்சி பெற்றவர்களிடம் விவாகரத்துக்கான வாய்ப்பு 31 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. இதை மட்டும் படித்துவிட்டுக் கொண்டாட வேண்டாம். கவுன்சலிங்குக்குப் போகிறவர்கள் இயல்பிலேயே நிதானமானவர்களாக இருந்திருக்கலாம். 2010இல், அச்சில் வராத ஆய்வுகளையும் சேர்த்து எடுத்த இன்னொரு தொகுப்பில் படம் மாறிவிட்டது. உறவில் மனநிறைவு கூடியதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் பேசும் விதமும், கருத்து வேறுபாட்டைக் கையாளும் விதமும் மேம்பட்டிருந்தன.

எனக்கு இந்தக் கடைசி முடிவுதான் முக்கியமாகப் படுகிறது. கவுன்சலிங் மகிழ்ச்சிக்கு உத்தரவாதம் தராது, பொருத்தம் பார்த்தும் சொல்லாது. மௌனமாக ஊகித்து வைத்திருப்பதை வாய்விட்டுக் கேட்கவும், ஒத்துப்போகாத இடத்தில் ஒருவரை ஒருவர் காயப்படுத்தாமல் பேசவும் அது கற்றுத்தரும். அந்த எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம் இருக்காது.

படி 1: "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்கும்போதே தொடங்குங்கள்

திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கவுன்சலிங்குக்குப் போவது சடங்குக்குப் போவது போலத்தான். மண்டபத்துக்குப் பணம் கட்டி, அழைப்பிதழ் கொடுத்து, ஊரெல்லாம் தெரிந்த பிறகு பெரிய கேள்வி ஒன்று எழுந்தால் அதை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிடுவார்கள். முடிவெடுத்து நடப்பது ஒன்று, ஓட்டத்தில் இழுபட்டுப் போவது வேறொன்று. உறவுகள் பல நேரம் இரண்டாவது வழியில்தான் நகர்கின்றன என்பது ஸ்காட் ஸ்டான்லி நெடுங்காலமாக எழுதிவருவது.

என் கணிப்பில் ஆறு மாதம் முன்பு தொடங்குவது நல்லது. நான்கு மாதமாவது வேண்டும். அமர்வுகள் பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டுக்குள் முடிந்துவிடும். அதற்கு ஏன் இத்தனை மாதம் என்றால், இரண்டு அமர்வுகளுக்கு நடுவே கிடைக்கும் நாட்களில்தான் நிஜமான பேச்சு நடக்கிறது.

படி 2: துணையிடம் பேச்சை எடுப்பது

பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். "நாம கவுன்சலிங் போகணும்" என்று மொட்டையாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு "உன்கிட்ட ஏதோ குறை இருக்கு" என்றுதான் கேட்கும். உங்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். "எனக்குப் பணம் பத்திப் பேசவே கூச்சமா இருக்கு. எங்க வீட்ல யாரும் அதைப் பேசி நான் பார்த்ததில்ல. ஒருத்தர் உட்கார வைச்சுக் கேட்டா எனக்குச் சுலபமா இருக்கும்" என்பது போல. இது தந்திரம் இல்லை, உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

அப்படியும் மறுத்தால் முதல் ஒரு அமர்வுக்கு மட்டும் வரச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுப்பு என்றால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்நியரிடம் பேசத் தயக்கமா, செலவா, வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயமா? இவை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. "இதைப் பத்திப் பேசவே கூடாது" என்பது மட்டுமே பதிலாக இருந்தால், அதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஆளைத் தேர்ந்தெடுப்பது

குடும்ப நல ஆலோசகர், மருத்துவ உளவியலாளர், சமூகப் பணி படித்து இணையர் ஆலோசனையில் பயிற்சி பெற்றவர், வழிபாட்டுத் தலத்தில் திருமணத் தயாரிப்பு வகுப்பு நடத்துபவர் எனப் பல வகையினர் இதைச் செய்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் இது நெடுநாள் வழக்கம். மலேசியாவில் முஸ்லிம்கள் திருமணப் பதிவுக்கு முன் இத்தகைய வகுப்பை முடித்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1998இல் இயற்றிய சட்டப்படி, நான்கு மணி நேர வகுப்பை முடித்தவர்களுக்குத் திருமண உரிமக் கட்டணத்தில் சலுகை உண்டு. கூட்டமாக நடக்கும் வகுப்பு பொதுவான விஷயங்களுக்குப் போதும். உங்கள் இருவருக்கும் மட்டுமே உரிய சிக்கல்களுக்குத் தனி அமர்வு தேவைப்படும்.

உறவினரோ குடும்ப நண்பரோ வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் யாரோ ஒருவர் பக்கத்து ஆளாகத்தான் இருப்பார்.

நேரம் குறிக்கும் முன்பு தொலைபேசியில் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள்: தனிநபர் ஆலோசனை தவிர, இணையர்களோடு வேலை செய்யப் பயிற்சி பெற்றிருக்கிறாரா? மொத்தம் எத்தனை அமர்வு, எந்தெந்தத் தலைப்புகள்? எங்களைத் தனித்தனியாகவும் சந்திப்பாரா? அப்படிச் சந்திக்கும்போது ஒருவர் சொல்லும் ரகசியத்தை என்ன செய்வார்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சில ஆலோசகர்கள் ஒருவர் தனியே சொன்னதை மற்றவரிடமிருந்து மறைத்துவைக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள், சிலர் காப்பார்கள். எந்த முறையாக இருந்தாலும் இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே ஒருவரை மட்டும் பார்த்து "நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்று அறிவுரை சொல்பவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. உங்கள் திருமணம் நிலைக்குமா நிலைக்காதா என்று தீர்ப்புச் சொல்பவரிடமும் அப்படியே.

படி 4: தனித்தனியாக எழுதுங்கள்

முதல் அமர்வுக்கு முன்பே ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், பதில் எழுதுங்கள். சேர்ந்து உட்கார்ந்து பேசினால் முதலில் பேசுபவரின் பதில் மற்றவரின் பதிலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். காதலிக்கும் நாட்களில் தலையாட்டுவது சுலபம். எழுதும்போது தலையாட்ட எதிரில் யாரும் இல்லை.

கேள்விகள் ஆளாளுக்கு மாறும். சில மாதிரிகள்: திருமணமாகி ஒரு வருடம் கழித்து ஒரு சாதாரண வேலை நாள் காலை முதல் இரவு வரை எப்படி இருக்கும்? அந்த நாளில் சமைப்பது யார், துணி துவைப்பது யார்? என் பெற்றோரின் சண்டைகளில் நான் எதைப் பார்த்தேன், அதில் எதை நான் செய்ய மாட்டேன்? உன்னிடம் இதுவரை கேட்கத் தயங்கிய ஒன்று எது? நான் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்று எது?

முதல் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். "வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வோமா?" என்று கேட்டால் இருவரும் "ஆமாம்" என்பார்கள். ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதச் சொன்னால்தான், ஒருவருடைய தாளில் இரவுச் சாப்பாடு தானாகவே மேசைக்கு வந்துவிட்டது தெரியவரும்.

படி 5: வினாத்தாளும் அதன் முடிவும்

பல ஆலோசகர்கள் தரப்படுத்தப்பட்ட வினாத்தாள் ஒன்றோடு தொடங்குவார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஓல்சனும் அவரது குழுவினரும் உருவாக்கிய 'பிரிப்பேர்' பரவலாகப் பயன்படுவது. 'ஃபோகஸ்' என்ற இன்னொன்று திருச்சபை வட்டாரங்களில் பிரபலம். இருவரும் தனித்தனியே பதில் தருவார்கள், பிறகு இரண்டும் ஒப்பிடப்படும். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இல்லை, எங்கே ஒருவர் எல்லாவற்றையும் அளவுக்கு மீறி அழகாகக் காட்டுகிறார் என்பதெல்லாம் அதில் தெரியும்.

இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. குறைந்த மதிப்பெண் வந்த பகுதியை அடுத்த அமர்வில் பேச வேண்டிய தலைப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இந்தத் தாள்களை விளையாட்டாக ஒதுக்கிவிடவும் முடியாது. ஓல்சனும் பிளேன் ஃபவர்ஸும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், வினாத்தாளை நிரப்பிவிட்டுத் திருமணத்தையே கைவிட்டவர்களின் மதிப்பெண்கள், திருமணம் செய்து பின்னால் பிரிந்தவர்கள் அல்லது மகிழ்ச்சியற்று வாழ்ந்தவர்களின் மதிப்பெண்களை ஒத்திருந்தன. நின்றுபோன திருமணங்கள் எல்லாமே தோல்விக் கதைகள் அல்ல.

படி 6: பணம்

நேரம் குறைவாக இருந்தால் இந்தத் தலைப்பைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள்.

முதலில் உண்மைகள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கின் நிலை, கடன்கள், கிரெடிட் கார்டு பாக்கி, யாருக்காவது போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் மேசைக்கு வரவேண்டும். வாய்மொழியாக "கொஞ்சம் கடன் இருக்கு" என்பது போதாது. தொகையையும் அது முடியும் மாதத்தையும் சொல்லுங்கள். கடன் இருப்பது பெரும்பாலும் உறவை உடைப்பதில்லை. அது மறைக்கப்பட்டிருந்தது என்று பின்னால் தெரியவருவதுதான் உடைக்கிறது.

அடுத்து ஏற்பாடு. ஒரே கூட்டுக் கணக்கா, தனித்தனிக் கணக்கா, இல்லை வீட்டுச் செலவுக்குப் பொதுவாக ஒன்றும் அவரவர்க்குத் தனியாக ஒன்றுமா? மூன்றும் பலருக்கு ஒத்துவந்திருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் எந்தத் தொகைக்கு மேல் செலவு செய்தால் மற்றவரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரம்பு வையுங்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால், பொதுச் செலவைச் சரிபாதியாகப் போடுவதா, வருமானத்துக்கு ஏற்ற விகிதத்திலா என்றும் முடிவு செய்யுங்கள். இருவரில் ஒருவர் வேலையை விட நேர்ந்தால் அவர் கைச்செலவுக்கு ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கும் நிலை வருமா என்பதையும் இப்போதே பேசுங்கள்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மாதாமாதம் அனுப்புவது, அவசரத்துக்குக் கொடுப்பது ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அனுப்புவது சரியா தப்பா என்று ஆலோசகர் சொல்ல மாட்டார். எவ்வளவு, எத்தனை காலம், யார் கையிலிருந்து என்பதைத் தெளிவாக்கச் சொல்வார்.

நல்ல ஆலோசகர் இதற்குப் பிறகும் விடமாட்டார். பணம் உங்களுக்கு என்ன என்று கேட்பார். சிறு வயதில் தட்டுப்பாட்டைப் பார்த்த ஒருவருக்குச் சேமிப்புதான் நிம்மதி. இன்னொருவருக்குப் பிரியமானவர்களுக்குச் செலவழிப்பதுதான் அன்பு. இந்த இருவரும் ஒரே கட்டணச் சீட்டைப் பார்க்கும்போது ஒருவர் பயப்படுவார், மற்றவர் அவமானப்படுவார். இது தெரியாமல் போடும் பட்ஜெட் மூன்றாம் மாதம் தாண்டாது.

படி 7: மற்ற தலைப்புகள்

பெற்றோர் விஷயத்தில் முக்கியமான கேள்வி, "அவர்கள் நம்மோடு இருப்பார்களா" என்பதோடு முடிவதில்லை. ஒரு முடிவில் உங்கள் இருவருக்கும் உங்கள் பெற்றோருக்கும் கருத்து வேறுபட்டால், அதைப் பெற்றோரிடம் போய்ச் சொல்வது யார்? அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேசுவது என்ற ஏற்பாடு பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும். உங்களுக்குள் நடந்த சண்டையை வீட்டாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதையும் முடிவு செய்யுங்கள். நீங்கள் இருவரும் அடுத்த நாளே சமாதானமாகிவிடுவீர்கள், கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

குழந்தை வேண்டுமா, எப்போது, தள்ளிப்போனால் சிகிச்சைக்கோ தத்தெடுப்புக்கோ தயாரா? இதில் மட்டும் நடுவழி கிடையாது, பாதிக் குழந்தை பெற முடியாது. "பிறகு மனசு மாறிடும்" என்று நம்பித் திருமணம் செய்வது இருவருக்குமே அநியாயம்.

தாம்பத்தியம் பற்றிப் பேசப் பலருக்கு நாக்கு எழாது. ஆலோசகர் தானே தொடங்குவார். பயம், முன் அனுபவம், விருப்பமில்லாத நேரத்தில் மறுக்கும் உரிமை, கருத்தடை ஆகிய நான்கையும் தொட்டுவிட்டால் போதும். வேலை மாற்றம், வெளியூர் வாய்ப்பு, மத நம்பிக்கை, செல்போன் பாஸ்வேர்டு, பழைய நட்புகள் ஆகியவற்றை ஒரே அமர்வில் பேசி முடித்துவிடலாம், ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளாத வரை.

படி 8: சண்டை போடக் கற்றுக்கொள்வது

அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் காட்மனும் ராபர்ட் லெவன்சனும் தம்பதிகள் பேசுவதைப் படம்பிடித்து, இதயத் துடிப்பை அளந்து, பல வருடம் பின்தொடர்ந்தார்கள். இந்த வழியில் காட்மன் கண்டது பலரை ஆச்சரியப்படுத்தியது: தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் சுமார் 69 சதவீதம் தீர்வதே இல்லை. சுபாவ வேறுபாட்டிலிருந்து வருபவை அவை. நன்றாக வாழ்பவர்களிடமும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களை அவர் சொல்கிறார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கும் தற்காத்துக்கொண்டு பதிலடி தருவது, சுவர் போல மௌனமாகிவிடுவது. நான்கில் மோசமானது இளக்காரம். கண்ணை உருட்டுவது, நையாண்டி, "உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது" போன்றவை அதில் அடங்கும். நிச்சயமான நாட்களில் இது பெரும்பாலும் வேடிக்கைப் பேச்சாக வருவதால் கண்டுபிடிப்பது கடினம். கூட இருப்பவர்கள் சிரிக்கும்போது உங்கள் துணையும் சிரிக்கிறாரா என்று பாருங்கள்.

அமர்வில் பழகும் முதல் பயிற்சி, பேச்சைத் தொடங்கும் விதம். "நீ எப்பவுமே லேட்டு, என்னைப் பத்தி உனக்கு அக்கறையே இல்ல" என்பது ஒரு தொடக்கம். "நேத்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன், போனும் வரல, பயந்துட்டேன். லேட்டானா ஒரு மெசேஜ் போடு" என்பது இன்னொன்று. புகார் ஒன்றுதான். இரண்டாவதில் நடந்தது, உணர்ந்தது, கேட்பது மூன்றும் இருக்கின்றன, ஆளைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

இரண்டாவது பயிற்சி டென்வர் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் மார்க்மனும் ஸ்டான்லியும் வளர்த்தெடுத்த 'பேசுபவர் - கேட்பவர்' முறை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார், அதுவும் இரண்டு மூன்று வாக்கியம். கேட்பவர் தான் புரிந்துகொண்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வார். "அது இல்ல, நான் சொன்னது..." என்று பேசுபவர் திருத்தலாம். பிறகு முறை மாறும். தீர்வை இந்தக் கட்டத்தில் தேடக் கூடாது. செயற்கையாகத்தான் இருக்கும், முதல் தடவை சிரிப்புக்கூட வரும். பரவாயில்லை, சூடான பேச்சை மெதுவாக்குவதுதான் இதன் நோக்கம்.

மூன்றாவது, இடைவேளை. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் அளவுக்கு உடம்பு கொதிக்கும்போது, எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. அப்போது நிறுத்த ஒரு சொல்லை முன்பே பேசி வையுங்கள். குறைந்தது 20 நிமிடம் விலகி இருங்கள். இடைவேளை கேட்டவரே, மறுபடி எப்போது பேசலாம் என்று நேரமும் சொல்ல வேண்டும். நேரம் சொல்லாமல் எழுந்து போவதை மற்றவர் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

படி 9: மருத்துவப் பரிசோதனை

இது ஆலோசகரின் வேலை இல்லை, ஆனால் இதே காலத்தில் முடித்துவிடலாம். தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்களில், மரபணுவைத் தாங்கியிருப்பவருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. இருவருமே அதைத் தாங்கியிருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. சைப்ரஸில் திருமணத்துக்கு முந்தைய பரிசோதனை பரவலான பிறகு, தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கான பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால், மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதையும் துணையிடம் சொல்லிவிடுங்கள். ஆலோசகர் அறையில் சொல்வது எளிதாக இருந்தால் அங்கே.

படி 10: நிறுத்திப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

அடிப்பது, பொருளை உடைத்து மிரட்டுவது, போனைச் சோதிப்பது, நண்பர்களிடமிருந்து பிரிப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, "நீ போனா செத்துடுவேன்" என்று கட்டிப்போடுவது ஆகியவை பேச்சுத் திறன் குறைவால் வருபவை அல்ல. இப்படி ஏதாவது இருந்தால் இருவரும் சேர்ந்து உட்காரும் அமர்வு உதவாது, ஆபத்தாகவும் முடியலாம். அங்கே உண்மையைச் சொன்னவர் வீடு திரும்பியதும் அதற்கு விலை கொடுக்க நேரிடும். தனியாக ஆலோசகரைச் சந்தித்து, தனியாகவே சொல்லுங்கள். குடி, போதைப்பொருள், சூதாட்டப் பழக்கம் இருந்தால் முதலில் அதற்கான சிகிச்சை, தேதி குறிப்பது அப்புறம்.

இவ்வளவு தீவிரமாக இல்லாவிட்டாலும், ஒரே கேள்வி மூன்று அமர்வுகளாக அங்கேயே நின்றால் திருமணத்தைச் சில மாதம் தள்ளிவைப்பது பற்றி யோசியுங்கள். அதில் வரும் வெட்கம் சில வாரங்களில் போய்விடும்.

படி 11: எழுதி வைத்து, அடுத்த சந்திப்பையும் குறியுங்கள்

கடைசி அமர்வில், ஒத்துக்கொண்டவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாதவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள், அவைதான் இனிமேலும் உங்களோடு வரப்போகிறவை. "இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம்" என்று மேலே குறித்துவிடுங்கள். நாளைக்கு இதை ஆதாரமாக நீட்டிச் சண்டை போடுவதற்காக எழுதவில்லை.

கையோடு, திருமணமாகி மூன்றாவது அல்லது ஆறாவது மாதத்தில் ஒரு அமர்வுக்கு நேரம் வாங்கிவிடுங்கள். சேர்ந்து வாழ்ந்த பிறகு எழும் கேள்விகளை இப்போது யாராலும் முழுக்க ஊகிக்க முடியாது. திருமணத்துக்கு முன் பயிற்சி பெற்றவர்கள் பின்னால் சிக்கல் வந்தபோதும் உதவி தேடிப் போக அதிகம் முன்வந்தார்கள் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கதவை ஏற்கெனவே ஒருமுறை திறந்து உள்ளே போய்வந்தவர்கள் அவர்கள். அந்தச் சந்திப்பின்போது எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் ரத்து செய்ய வேண்டாம். அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டு வந்துவிடலாம்.